நாலெல்லை எழுதாத உறுதி

மகளின் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நாள் காலையும் ஒலிபெருக்கியில் ஓர் அறிக்கை வாசிப்பார்கள். நாங்கள் நிற்கும் இந்த நிலம் மிசிசாகா, அனிஷினாபே, ஹோடனோஷோனி, வெண்டாட் என்ற பூர்வகுடி மக்களின் நிலம் என்று அது சொல்லும். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் பிள்ளை வளர்க்கும் எல்லாருக்கும் அது பழகிப்போன ஒன்று. போன மார்கழியில் பள்ளிக் கலைவிழாவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளை மேடையில் நின்று அதை வாசித்தது. அம்மா என் கையைச் சுரண்டினார்.

"உந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

"இந்தக் காணி இஞ்சத்தைச் சனத்தின்ரை முதுசமாம் அம்மா. அதைத்தான் சொல்லுது."

"அப்ப இவை ஆரிட்டை வாங்கினவை? உறுதி இருக்கோ?"

அம்மா 1990 ஆனியில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவர். ஒரு றெக்சின் பையில் எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் காணியின் உரிமைப் பத்திரங்களான உறுதிகளும் மட்டும் அவர் கையில் இருந்தன. நகையைக்கூட அவர் பிறகுதான் நினைத்தார். வளவு வேலி போட்டு அடைக்கப்பட்டு, வீடு இருந்த இடம் தெரியாமல் போன ஆண்டுகளிலும் அந்தப் பை அவருடைய தலைமாட்டில்தான் இருந்தது. காணியை இழந்தவரிடமும் உறுதி இருக்கலாம், காணியில் இருப்பவரிடம் உறுதி இல்லாமலும் போகலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அவர் கேட்டது இரக்கத்தில் பிறந்த கேள்வியல்ல. சட்டக் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு, எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு படிக்கத் தொடங்கினேன். அம்மாவின் கேள்வி என்னை 1763 ஒக்டோபர் 7ஆம் நாளுக்குக் கொண்டுபோய் விட்டது. பிரித்தானிய மன்னன் மூன்றாம் ஜோர்ஜ் அன்றைக்கு வெளியிட்ட அரச பிரகடனம்தான், பூர்வகுடிகளின் காணியை யார், யாரிடம், எப்படி வாங்கலாம் என்று எழுத்தில் வைத்த தாள்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், பெப்ரவரி 10ஆம் நாள், பாரிசில் உடன்படிக்கை கையெழுத்தாகி ஏழாண்டுப் போர் முடிந்திருந்தது. கனடாவையும், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே தனது என்று சொல்லிக்கொண்டிருந்த பெரும் பரப்பையும் பிரான்ஸ் பிரித்தானியாவிடம் விட்டுக்கொடுத்தது. அந்த மேசையில் பூர்வகுடி ஒருவர்கூட இருக்கவில்லை. பேரேரிகளைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கவே இல்லை. பிரெஞ்சுக்காரர் எங்களிடம் காணி வாங்கவில்லையே, இருக்க இடம் கேட்டார்கள், விட்டோம், பிறகு எதை எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியின் குரல் ஒன்று எழுத்தில் தப்பியிருக்கிறது. 1761இல் மிச்சிலிமாக்கினாக் கோட்டைக்கு வந்த ஆங்கில வணிகன் அலெக்சாண்டர் ஹென்றியிடம் ஒஜிப்வே தலைவர் மினவவானா சொன்னதை ஹென்றி பிற்பாடு எழுதிவைத்தான். நீங்கள் பிரெஞ்சுக்காரரை வென்றிருக்கிறீர்கள், எங்களை இன்னும் வெல்லவில்லை, நாங்கள் உங்கள் அடிமைகள் அல்லர். இந்த ஏரிகளும் காடுகளும் மலைகளும் எங்கள் மூதாதையர் எங்களுக்கு விட்டுப்போனவை, இவை எங்கள் முதுசம், இவற்றை யாருக்கும் கொடுக்கமாட்டோம். அந்த இடத்தில் நான் 'முதுசம்' என்று போட்டது தற்செயலல்ல. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் வழிவழி வரும் சொத்துக்கு அதுதான் பெயர். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டியபோது அவர் தலையை ஆட்டியதும் அந்தச் சொல்லில்தான்.

பிரித்தானியப் படைத் தளபதி ஜெஃப்ரி அம்ஹேர்ஸ்டுக்கு இந்தக் குரல் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரர் வருடாவருடம் பூர்வகுடித் தலைவர்களுக்குப் பரிசில்கள் கொடுத்து வந்தார்கள். துணி, வெடிமருந்து, ஈயம், கேத்தில். அம்ஹேர்ஸ்ட் அதை லஞ்சம் என்று எண்ணி நிறுத்தினான். வெடிமருந்து விற்பதையும் இறுக்கினான். வேட்டையில் வாழும் குடும்பத்துக்கு வெடிமருந்து இல்லையென்றால் மாரியில் பட்டினி. அதைவிடப் பெரிய காயம் வேறு. உறவு கொண்டாடுகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டுக்காரரின் இடத்தில் கோட்டை கட்டிக்கொண்டு இருப்பவன் பரிசிலை நிறுத்தினால், இனி நான்தான் வீட்டுக்காரன் என்று சொல்கிறான் என்றே பொருள்.

1763 மே மாதம் ஒடாவா தலைவர் பொன்ரியாக் டிட்ரோயிட் கோட்டையைச் சுற்றி வளைத்தார். சில வாரங்களுக்குள் பல இனத்தவரும் எழுந்தார்கள். எட்டுக் கோட்டைகள் விழுந்தன. இன்றைய பிட்ஸ்பர்க்கில் இருந்த பிட் கோட்டையில் ஜூன் 24ஆம் நாள், பேச்சுவார்த்தைக்கு வந்த டெலவேர் இனத் தூதர்களிடம் அம்மை மருத்துவமனையிலிருந்து எடுத்த இரண்டு போர்வைகளையும் ஒரு கைக்குட்டையையும் கொடுத்து அனுப்பினார்கள். அங்கிருந்த வில்லியம் ட்ரென்ட் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி, வேண்டிய பலன் கிடைக்கும் என்று நம்புவதாகவும் சேர்த்திருக்கிறான். அந்த வரியை வாசித்த இரவு நான் மேலே வாசிக்கவில்லை.

இலண்டனில் ஏற்கெனவே ஒரு திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. போர்க்கடன் தலைக்கு மேல் இருந்தது. குடியேறிகள் மலை தாண்டிப் போகும் இடமெல்லாம் புதுச் சண்டை, அதற்குப் புதுச் செலவு. இந்த நேரத்தில் பொன்ரியாக்கின் செய்தி கடல் கடந்து வந்தது. திட்டம் அவசரமாகப் பிரகடனமானது. 'மன்னன் கருணை கூர்ந்து பூர்வகுடிகளுக்கு உரிமை கொடுத்தான்' என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எட்டுக் கோட்டைகள் விழாமல் இருந்திருந்தால் அந்த வாசகங்கள் அத்தனை விரைவாகவும் அத்தனை உறுதியாகவும் எழுதப்பட்டிருக்காது.

பிரகடனத்தின் பெரும்பகுதி புதிய ஆட்சிப் பிரதேசங்களைப் பற்றியது. கியூபெக், கிழக்கு புளோரிடா, மேற்கு புளோரிடா, கிரெனடா என்று நான்கு. அது எங்களுக்கு இங்கே தேவையில்லை. கடைசிப் பகுதிதான் விசயம். தன் பாதுகாப்பில் வாழும் இந்திய இனங்கள் (பூர்வகுடிகளுக்கு அந்தத் தாளில் இதுதான் பெயர்), தாங்கள் விட்டுக்கொடுக்காத, விற்காத நிலங்களில் தொந்தரவின்றி இருக்க வேண்டும் என்று மன்னன் சொல்கிறான். அத்திலாந்திக் கடலில் விழும் ஆறுகள் எங்கே ஊற்றெடுக்கின்றனவோ, அதாவது அப்பலாச்சியன் மலைத்தொடர், அதற்கு மேற்கே யாருக்கும் காணி எழுதிக் கொடுக்கக்கூடாது. அங்கே ஏற்கெனவே குடியேறியவர்கள் உடனே எழும்பிப் போக வேண்டும். இந்தியர்களிடம் காணி வாங்கியதில் பெரும் மோசடிகள் நடந்திருக்கின்றன என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, இனிமேல் தனியாள் எவரும் அவர்களிடம் காணி வாங்கக்கூடாது என்று தடுக்கிறது. விற்க அவர்களுக்கு விருப்பம் இருந்தால், அதற்கென்றே கூட்டிய அவர்களுடைய பொதுச்சபையில், மன்னன் பெயரில் மட்டுமே வாங்கலாம்.

பொதுச்சபை. ஒரு தலைவனைத் தனியே கூட்டிப்போய்ச் சாராயம் ஊற்றிக் கைநாட்டு வாங்குவது செல்லாது என்று ஒரு பேரரசு எழுதி வைத்திருக்கிறது. நான் இதை இரண்டு மூன்று முறை திரும்ப வாசித்தேன்.

ஆனால் அதே தாளில் இன்னொரு சொற்றொடரும் இருக்கிறது. இந்த ஏற்பாடு 'தற்போதைக்கு', மன்னனின் 'அடுத்த விருப்பம் தெரியும் வரை'. இந்த நிலங்கள் மன்னனின் இறைமைக்கும் ஆட்சிக்கும் உட்பட்டவை என்றும் எழுதியிருக்கிறது. யாருடைய விருப்பத்தைக் கேட்டு அவை உட்பட்டன என்று எழுதவில்லை. போரில் பணியாற்றியவர்களுக்குக் காணி கொடுக்கும் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. உயர் அதிகாரிக்கு 5,000 ஏக்கர், கப்டனுக்கு 3,000, சாதாரணச் சிப்பாய்க்கு 50. ஒரு கை வேலியைப் போடும்போதே மற்றக் கை ஏக்கர்களை அளந்துகொண்டிருந்தது.

பிரகடனத்தை இத்தோடு நிறுத்தி வாசித்தால் அது மன்னனின் தாள் மட்டும்தான். அனிஷினாபே சட்ட அறிஞர் ஜோன் பரோஸ் எழுதியதை வாசித்த பிறகுதான், நான் பாதியை மட்டும் வாசித்திருந்தேன் என்பது விளங்கியது. மற்றப் பாதி நயாகராவில் இருக்கிறது.

1763-64 மாரியில் வில்லியம் ஜோன்சன் பூர்வகுடித் தூதர்களிடம் பிரகடனத்தின் பிரதிகளையும் வாம்பம் மணிகளையும் கொடுத்துப் பேரேரிப் பிரதேசமெங்கும் அனுப்பினான். ஜோன்சன் வடபகுதி இந்திய விவகாரங்களுக்கு மன்னனின் பிரதிநிதி. மோகோக் மக்களோடு பல காலம் வாழ்ந்தவன், அவர்களின் சபை முறை தெரிந்தவன். அடுத்த கோடையில், 1764 ஜூலையில், நயாகராக் கோட்டையருகே 24 இனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 பேர் கூடினார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படகு வலித்து வந்தவர்கள் அவர்கள். பொன்ரியாக் வரவில்லை. அவர் இன்னும் சமாதானத்துக்கு இணங்கியிருக்கவில்லை.

அங்கே பேசியதெல்லாம் பட்டியில் ஏறியது. வாம்பம் என்பது கடற்சிப்பியைக் குடைந்து செய்த வெள்ளை, ஊதா மணிகளைக் கோத்து நெய்த பட்டி. அதை அலங்காரம் என்று நினைத்தால் தவறு. சபையில் ஒரு வாக்குக் கொடுக்கும்போது ஒரு பட்டி கொடுக்கப்படும். பட்டி இல்லாத பேச்சு வெறும் காற்று. பட்டியைக் காப்பவருக்கு அதிலுள்ள ஒவ்வொரு உருவமும் என்ன சொல்கிறது என்பது மனப்பாடம். குறித்த காலத்தில் அதை எடுத்துச் சபையில் விரித்து, தொட்டுத் தொட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உறவு மங்கிப்போகும். அதனால்தான் அந்த உறவுக்கு வெள்ளிச் சங்கிலி என்று பெயர். வெள்ளி கறுக்கும், துலக்கினால் மீண்டும் மினுங்கும்.

ஜோன்சன் கொடுத்த பெரிய பட்டியில், கைகோத்து நிற்கும் மனிதர்களும் 1764 என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருந்தன. மற்றொன்றில் 24 இனங்கள் கைகோத்து நின்றன. இருவரிப் பட்டியும் அங்கே கைமாறியது. வெள்ளைப் பரப்பில் இரண்டு ஊதா வரிகள். ஓர் ஆற்றில் ஒரு கப்பலும் ஒரு மரப்பட்டை ஓடமும் அருகருகே போகின்றன, ஒருவர் மற்றவரின் சுக்கானைப் பிடிக்கமாட்டார். மன்னனின் தாளிலே இறைமை மன்னனுக்கு. பட்டியிலே இரண்டு வரியும் ஒரே அகலம். பூர்வகுடிகள் ஏற்றுக்கொண்டது இந்தப் பட்டியைத்தான். ஒரு தரப்பு எழுதியதை மட்டும் ஒப்பந்தம் என்று சொல்ல எந்த நொத்தாரிசும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

மலைத்தொடருக்கு மேற்கே நடந்தது சோகமான கதை. மன்னன் போட்ட எல்லையைக் குடியேறிகள் மதிக்கவில்லை. கோட்டைகளிலிருந்து சிப்பாய்கள் வந்து குடிசைகளைக் கொளுத்துவார்கள், சிப்பாய்கள் திரும்பியதும் இவர்கள் திரும்ப வந்து கட்டுவார்கள். பெரிய மனிதர்கள் இன்னும் நிதானமாக வேலை செய்தார்கள். 1767இல் ஜோர்ஜ் வாஷிங்டன் தன் நில அளவையாளர் வில்லியம் குரோஃபோர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பிரகடனம் இந்தியர்களின் மனத்தை அமைதிப்படுத்தச் செய்த தற்காலிக ஏற்பாடு மட்டுமே, இதை நமக்குள் வைத்துக்கொள், நல்ல காணிகளை இப்போதே பார்த்துக் குறித்து வை, கேட்டால் வேட்டைக்கு வந்ததாகச் சொல் என்பது அதன் சாரம். பின்னால் ஒரு நாட்டின் தந்தை என்று போற்றப்பட்டவரின் கடிதம். 1776இல் அந்த நாடு எழுதிய சுதந்திரப் பிரகடனத்தில், புதிய நிலங்களை எடுப்பதற்கு மன்னன் நிபந்தனைகளை ஏற்றினான் என்பதும் ஒரு குற்றச்சாட்டு.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துத் தொடர்பு ஒன்று வருகிறது. 1757இல், பிளாசிப் போர் நடந்த ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பனியின் விண்ணப்பம் ஒன்றுக்கு மன்னனின் சட்ட அதிகாரிகளான பிராட்டும் யோர்க்கும் ஒரு கருத்துரை எழுதினார்கள். மொகலாயப் பேரரசரிடமிருந்தோ இந்திய மன்னர்களிடமிருந்தோ உடன்படிக்கையால் கிடைத்த நிலத்துக்கு மன்னனின் தனிப் பத்திரம் தேவையில்லை என்று அது சொன்னது. 1773 அளவில் அமெரிக்கக் காணி வியாபாரிகளின் கையில் இதன் ஒரு பிரதி இருந்தது. அதில் மொகலாயர் காணாமல் போயிருந்தார். 'இந்திய மன்னர்கள்' மட்டும் மிஞ்சியிருந்தார்கள். இந்தியர் என்றால் இங்கத்தைய இந்தியரும்தானே என்று காட்டி, இலினோய் ஆற்றங்கரையில் வில்லியம் மரே என்பவன் தனியாகக் காணி வாங்கினான். கொலம்பஸ் திசை மாறி வைத்த ஒரு பெயர், 280 ஆண்டுகள் கழித்து ஒரு மோசடிக்குச் சாவியானது. சின்ன வயதில் படக்கதைகளில் 'செவ்விந்தியர்' என்று வாசித்த சொல்லை நான் இப்போது எழுதுவதில்லை. இதுவும் அதற்கு ஒரு காரணம்.

அந்த வகைக் கொள்வனவுகள் 1823இல் ஜோன்சன் எதிர் மக்கின்ரோஷ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. தலைமை நீதிபதி ஜோன் மார்ஷல், தனியார் வாங்கியது செல்லாது என்றார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணம், நிலத்தைக் 'கண்டுபிடித்த' ஐரோப்பிய அரசுக்கே உரித்து, பூர்வகுடிகளுக்கு இருப்பது குடியிருக்கும் உரிமை மட்டும் என்பது.

கனடாவில் பிரகடனம் சாகவில்லை, ஆனால் அதை அமுக்கிவைத்தார்கள். 1888இல் ஒன்ராறியோவுக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான மர வழக்கொன்றில், அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில், பூர்வகுடிகளின் உரிமை மன்னனின் நல்லெண்ணத்தில் தங்கிய அனுபவிப்புரிமை என்று தீர்த்தது. யாருடைய காட்டைப் பற்றிய வழக்கோ அந்த மக்களை அந்த வழக்கில் ஒருவரும் கேட்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்கள் 1913இல் இதே பிரகடனத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மன்னனுக்கு மனுப் போட்டார்கள். 1927இல் இந்தியர் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. காணிக் கோரிக்கைக்காக அரசின் அனுமதி இல்லாமல் பணம் சேர்ப்பது குற்றம். வழக்கறிஞர் வைக்கக் காசு சேர்த்தாலே குற்றம்! 1951 வரை அது இருந்தது.

நிஸ்கா மக்கள் விடவில்லை. அவர்களில் ஒருவரான ஃபிராங்க் கால்டர் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1973 ஜனவரியில் வந்த தீர்ப்பில் அவர்கள் தோற்றார்கள், ஒரு நடைமுறைக் குறையால். ஆனால் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், ஐரோப்பியர் வருமுன்பே பூர்வகுடிகளுக்கு நில உரிமை இருந்தது என்பதை ஏற்றார்கள். நீதிபதி எமெட் ஹால் பிரகடனத்தை, மன்னனையும் சட்டத்துக்குள் கொண்டுவந்த பழைய ஆங்கிலச் சாசனமான மக்னா காட்டாவோடு ஒப்பிட்டார். எனக்கு அதைவிடப் பிடித்தது, எதிர்ப்பக்கம் நின்ற நீதிபதி ஜட்சன் எழுதிய வரி. குடியேறிகள் வந்தபோது இந்தியர்கள் அங்கே இருந்தார்கள், சமூகங்களாக ஒழுங்குபட்டு, தங்கள் முன்னோர் நூற்றாண்டுகளாக இருந்ததுபோல நிலத்தில் இருந்தார்கள், அதுதான் உண்மை என்றார். மன்னன் கொடுத்ததால் வந்த உரிமையல்ல, இருந்ததால் வந்த உரிமை. 2000ஆம் ஆண்டு நிஸ்கா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 1982 அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் 1763 ஒக்டோபர் 7 என்ற திகதி அப்படியே எழுதியிருக்கிறது.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ரொறன்ரோவை யாரிடம் வாங்கினார்கள்?

1787 செப்டெம்பரில், ஒன்ராறியோ ஏரியின் கிழக்குப் பக்கத்தில், குவின்டே விரிகுடாவருகே, மன்னனின் ஆட்கள் மிசிசாகா மக்களைக் கூட்டினார்கள். துப்பாக்கிக் கற்கள், பித்தளைக் கேத்தில்கள், கண்ணாடிகள், சரிகை வைத்த தொப்பிகள், பூப்போட்ட துணி, 96 கலன் றம் எல்லாம் கைமாறின. சில ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் உறுதியை எடுத்துப் பார்த்தார்கள். உறுதி வெறுமையாக இருந்தது. எந்த நிலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒன்றும் எழுதவில்லை. வபாகினைன், நீஸ், பக்வான் என்ற மூன்று தலைவர்களின் குலக்குறிகள் வேறு துண்டுக் கடதாசிகளில் இருந்தன. அவற்றை வெட்டி அந்த வெற்றுத் தாளில் ஒட்டியிருந்தார்கள். 1794இல் ஆளுநர் டோர்செஸ்டர் பிரபுவே இது செல்லாது என்று எழுதினார். அதற்கு முந்தின வருடமே இங்கே யோர்க் நகரை, அதாவது அன்றைய ரொறன்ரோவை, கட்டத் தொடங்கிவிட்டார்கள். வபாகினைன் 1796இல் இதே யோர்க்கில் ஒரு சிப்பாயின் கையால் இறந்தார். சிப்பாய் சாட்சியம் இல்லையென்று விடுதலையானான். 1805இல் புதிய உறுதி எழுதினார்கள், இரண்டரை லட்சம் ஏக்கருக்குப் பத்து ஷில்லிங். மிசிசாகா மக்களுக்கு நட்டஈடாக 14.5 கோடி டொலர் வந்தபோது ஆண்டு 2010.

எங்கள் ஸ்காபரோ அந்த எல்லைக்கும் கிழக்கே. ஏரிக்கரையில் சுட்ட வெடி உள்ளே எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு நிலம் என்று சொல்லப்படும் ஓர் ஒப்பந்தம் இந்தப் பக்கத்துக்கு உண்டு. அதிலும் குழப்பம். 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளில் திரும்பக் கையெழுத்து வாங்கி, வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் பறித்தார்கள். 2018இல் ஏழு இனங்களுக்கு 111 கோடி டொலரும் அரசின் மன்னிப்பும் வந்தன.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் அம்மாவுக்குச் சொன்னேன். பிரகடனத்தைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பட்டியைப் பற்றிச் சொன்னபோது, "அப்ப அதுகளும் சாட்சி வைச்சுத்தான் செய்திருக்குதுகள்" என்றார். வெற்று உறுதிக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலெல்லை?"

"எழுதேல்லை அம்மா."

எழும்பிப் போய் றெக்சின் பையைக் கொண்டுவந்தார். மடிப்புகளில் நைந்துபோன உறுதியை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். காணியின் பெயர், இத்தனை பரப்பு, கிழக்கு ஒழுங்கை, வடக்கு அவரது சித்தப்பாவின் காணி, மேற்கு கோயில் வளவு, தெற்கும் ஒழுங்கை. கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்கூட அதில் இருந்தன. வாசித்து முடித்து, கீழே தன் தகப்பனாரின் கையொப்பத்தில் விரலை வைத்தபடி கேட்டார்:

"அந்த மூண்டு பேரும் என்னத்துக்கெண்டு நினைச்சுக் குறி வைச்சிருப்பினம், பிள்ளை?"